வழுவாமை வேறு, பாவமின்மை வேறு

ஆங்கிலத்தில் ‘இன்ஃபாலிபிள்’, ‘இம்பெக்கபிள்’ என்று இரண்டு பெயரடைகள் உள்ளன. இரண்டும் இலத்தீன் வீட்டுப் பிள்ளைகள். இரண்டும் எதிர்மறையைத் தலையில் சுமந்து நிற்பவை. இரண்டையும் ‘குற்றமற்ற’ என்றோ ‘பிழையற்ற’ என்றோ தமிழாக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போவது நம்மிற் பலருடைய வழக்கம். செய்தித்தாள் படிக்கையில் அவ்வாறு போவதால் நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் திருச்சபையைப் பற்றிப் பேசும்போது இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டால், அக்குழப்பம் விசுவாசத்தின் வேரையே தொட்டுவிடுகிறது.

கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு வினா எழுப்பினார். “பாப்பரசர் தவறே செய்யாதவர் என்று ஞானோபதேச வகுப்பில் படித்தோம். அப்படியானால் பாப்பரசர்கள் உலகத்தின் முன் மன்னிப்புக் கேட்பது ஏன்? ஒன்று, நாங்கள் படித்தது பொய். அல்லது அவர்கள் மன்னிப்புக் கேட்டது நாடகம். இரண்டில் எது?” என்றார். கேள்வி கூர்மையானதுதான். ஆனால் அது இரண்டு சொற்களின் குழப்பத்திலிருந்து பிறந்த கேள்வி. ஆகவே முதலில் சொற்களைச் சற்று ஆராய்வோம். பின்னர் கேள்விக்கு விடை தானே கிடைக்கும்.

வேரும் கிளையும்

‘இன்ஃபாலிபிள்’ என்பதன் வேர், ‘ஃபால்லெரே’ என்னும் இலத்தீன் வினைச்சொல். ‘ஏமாற்றுதல்’, ‘பொய்த்துப் போதல்’ என்பன அதன் பொருள்கள். பொய்யானது என்பதைக் குறிக்கும் ‘ஃபால்ஸ்’, தோல்வியுறுதலைக் குறிக்கும் ‘ஃபெயில்’ ஆகிய ஆங்கிலச் சொற்களும் இதே வேரிலிருந்து கிளைத்தவை. எனவே ‘இன்ஃபாலிபிள்’ என்றால் பொய்த்துப் போக இயலாதது, தவறான முடிவுக்கு இட்டுச் செல்ல இயலாதது என்று பொருள். இது அறிவையும் தீர்ப்பையும் சார்ந்த சொல்.

‘இம்பெக்கபிள்’ என்பதன் வேர் ‘பெக்காரே’. ‘பாவஞ் செய்தல்’ என்பது அதன் பொருள். இலத்தீன் பூசையை நினைவில் வைத்திருக்கும் முதியோருக்கு இச்சொல் புதிதன்று. பாவமன்னிப்பு மன்றாட்டில் மார்பில் தட்டிக்கொள்ளுமுன் ‘பெக்காவி’, அதாவது ‘பாவஞ் செய்தேன்’ என்று சொன்னது அவர்கள் செவியில் இன்னும் ஒலிக்கும். அந்த ‘பெக்காவி’தான் இங்கே ஒளிந்திருக்கிறது. எனவே ‘இம்பெக்கபிள்’ என்பதன் முதற்பொருள், பாவஞ் செய்ய இயலாதவர் என்பதே. இது மனத்தையும் நடத்தையையும் சார்ந்த சொல்.

இரண்டு சொற்களின் வாலிலும் உள்ள ‘இபிள்’, ‘அபிள்’ என்னும் ஒட்டுகளையும் கவனிக்க வேண்டும். அவை ஆற்றலைக் குறிப்பவை. ஒருவர் ஐம்பது ஆண்டுகள் கணக்கில் பிழையே விடவில்லை என்றால் அவர் பிழை விடாதவர். பிழை விட இயலாதவர் அல்லர். ஒரு மூதாட்டி பல்லாண்டுகள் கனமான பாவம் எதற்கும் இடங்கொடாமல் வாழ்ந்திருக்கலாம். அவர் புண்ணியவதி, பாவஞ் செய்ய இயலாதவர் அல்லர். ‘செய்யவில்லை’ என்பதற்கும் ‘செய்ய இயலாது’ என்பதற்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரிது. யானைக்கும் அடி சறுக்கும் என்று நம் முன்னோர் சொன்னது இத்தூரத்தை அறிந்துதான்.

வழக்கில் இவை எப்படி?

இன்றைய ஆங்கில வழக்கில் இவ்விரு சொற்களும் தத்தமக்கென்று தனித்தனித் தோழர்களைத் தேடிக்கொண்டுள்ளன. தப்பாமல் குணமாக்கும் மருந்தையும், பொய்க்காத அடையாளத்தையும், மறதியறியா நினைவாற்றலையும் ‘இன்ஃபாலிபிள்’ என்பர். 1611-ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில், அப்போஸ்தலர் பணி நூலின் முதல் அதிகாரம், மூன்றாம் வசனத்தில், உயிர்த்த ஆண்டவர் தாம் உயிரோடிருப்பதற்குக் காட்டிய சான்றுகளுக்கு இப்பெயரடையே இடப்பட்டுள்ளது. ஐயத்திற்கு இடந்தராத சான்றுகள் என்பது கருத்து.

‘இம்பெக்கபிள்’ என்பதோ வேறு வழியிற் போயிற்று. நயமான பழக்கவழக்கம், மடிப்புக் கலையாத உடை, இலக்கணப் பிழையில்லாத பேச்சு, சரியான நேரத்திற் செய்த செயல் ஆகியவற்றுக்கு அடைமொழியாக அது இப்போது வழங்குகிறது. தையற்காரர் தைத்த சட்டையை ‘இம்பெக்கபிள்’ என்று புகழ்வர். ‘இன்ஃபாலிபிள்’ சட்டை என்று ஒருவரும் சொல்வதில்லை. அவ்வாறே ‘இம்பெக்கபிள்’ மருந்து என்றாலும் கேட்பவர் நகைப்பர்.

இந்த வேறுபாட்டிற்கு ஒரு காரணம் உண்டு. ‘ஃபாலிபிள்’, அதாவது தவறக்கூடிய என்னும் உடன்பாட்டுச் சொல் ஆங்கிலத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘பெக்கபிள்’, அதாவது பாவஞ் செய்யக்கூடிய என்னும் சொல்லோ அகராதியில் உறங்குகிறது. பேச்சில் வருவது அரிது. தாய்ச்சொல் மறைந்தபின் பிள்ளைச்சொல் தன் குலத்தை மறந்துவிட்டது. ‘இம்பெக்கபிள்’ என்பதற்குள் பாவம் என்னும் கருத்து இருக்கிறது என்பதை ஆங்கிலேயரே இப்போது எண்ணுவதில்லை. அதனால்தான் நெஞ்செல்லாம் வஞ்சகம் நிறைந்த ஒருவரும் ‘இம்பெக்கபிள்’ உடையில் உலாவ முடிகிறது! புறத்தோற்றத்தில் கறை இல்லை என்பதே அச்சொல்லுக்கு இன்று போதும். வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னதை வாசகர்கள் நினைவுகூரலாம்.

நம் தமிழ் இவ்வகையில் வளமானது. வழு, பிழை, தவறு, குற்றம், பாவம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை உண்டு. இலக்கணத்தில் வழு, வழாநிலை, வழுவமைதி என்று பள்ளியிற் படித்திருக்கிறோம். பாப்பரசருக்கு உரிய வரத்தைக் குறிக்க நம் முன்னோர் ‘வழுவா வரம்’ என்றும் ‘தவறா வரம்’ என்றும் பெயரிட்டனர். இவ்விரு பெயர்களுள் முன்னது நமக்கு மிகவும் பிடித்தமானது. இலக்கண வழுவுக்கும் பாவத்திற்கும் தொடர்பில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ‘தவறு செய்யாதவர்’ என்று சொல்லும்போதுதான் குழப்பம் நுழைகிறது. ஏனெனில் தமிழில் ‘தவறு’ என்பது கணக்குப் பிழையையும் குறிக்கும். ஒழுக்கக் கேட்டையும் குறிக்கும். அந்த இளைஞர் இடறியதும் இந்தச் சொல்லில்தான்.

1870-இல் திருச்சபை சொன்னது என்ன?

முதலாம் வத்திக்கான் சங்கம் 1869 டிசம்பர் 8-ஆம் நாள் தொடங்கியது. பாப்பரசரின் வழுவா வரம்பற்றிய கொள்கைத்திரட்டின்மீது 1870 ஜூலை 18-ஆம் நாள் இறுதி வாக்கெடுப்பு நடந்தது. அன்று இடியும் மின்னலுமாய்ப் புயல் வீசிக்கொண்டிருந்தது. இசைவு தெரிவித்தோர் 533 பேர், மறுத்தோர் இருவர். இப்போது வரையறுப்பது காலத்திற்கு ஏற்றதன்று எனக் கருதிய ஆயர்கள் பலர், எதிர்த்து வாக்களிக்க மனமின்றி முன்னரே உரோமையை விட்டுப் புறப்பட்டிருந்தனர். மறுத்த இருவரும் முடிவு அறிவிக்கப்பட்டவுடன் பணிந்து அதனை ஏற்றுக்கொண்டனர்.

சங்கம் வரையறுத்ததை எளிய தமிழிற் சொல்வதானால் இவ்வளவே: பாப்பரசர் கிறிஸ்தவர் அனைவருக்கும் மேய்ப்பரும் போதகருமாய் நின்று, தம் உன்னத அதிகாரத்தைப் பயன்படுத்தி, விசுவாசம் அல்லது ஒழுக்கம்பற்றிய ஒரு படிப்பினையைத் திருச்சபை முழுவதும் ஏற்கவேண்டும் என்று இறுதியாக வரையறுக்கும்போது, இறைவனின் துணையால் அவர் வழுவுவதில்லை. இந்நிபந்தனைகளுள் ஒன்று குறைந்தாலும் அவ்வரம் அங்கே பேசப்படவில்லை. அரசியலைப்பற்றி அவர் கூறும் கருத்து, பத்திரிகையாளரிடம் அவர் பேசும் பேச்சு, ஓர் ஆயரை நியமிப்பதில் அவர் எடுக்கும் முடிவு ஆகிய எதுவும் இதில் அடங்காது. மரியாதைக்கு உரியவை அவை. வழுவாதவை என்று யாரும் சொல்லவில்லை. உலகெங்குமுள்ள ஆயர்கள் பாப்பரசரோடு ஒன்றித்து ஒரு படிப்பினையை உறுதியாக ஏற்கவேண்டியதெனப் போதிக்கையிலும் இதே துணை உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் தெளிவுபடுத்தியது.

1870-க்குப் பிறகு பாப்பரசர் ஒருவர் இவ்வரத்தைப் பயன்படுத்தி முறைப்படி வரையறுத்தது ஒரே முறைதான். 1950 நவம்பர் 1-ஆம் நாள் பன்னிரண்டாம் பத்திநாதர், தேவதாய் ஆன்மாவோடும் உடலோடும் விண்ணகத்திற்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பதை விசுவாச சத்தியமாகப் பிரகடனம் செய்தார். அதற்கு நான்காண்டுகள் முன்னரே, 1946-இல், உலகத்து ஆயர்களுக்கெல்லாம் மடல் விடுத்து அவர்கள் கருத்தைக் கேட்டறிந்திருந்தார். நினைத்ததையெல்லாம் சத்தியமாக்கும் மந்திரக்கோல் அன்று இவ்வரம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

இவ்வரையறையில் பாப்பரசரின் அறிவுத்திறனைப்பற்றியோ புனிதத்தைப்பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. வரம் தரப்பட்டது அவருடைய தனிப்பெருமைக்காக அன்று. மந்தை வழி தவறாதிருப்பதற்காக. நச்சுநீரைக் குடித்து மக்கள் மடியாதபடி கிணற்றுக்குக் காவல் போடுகிறோம். காவல் கிணற்று நீருக்குத்தான். நீர் இறைப்பவரின் கை காய்ப்பதையோ காயம்படுவதையோ அது தடுப்பதில்லை.

‘இம்பெக்கபிள்’ யாருக்கு உரியது?

வேதசாஸ்திரத்தில் இச்சொல் முதற்பொருளிலேயே இன்றும் வழங்குகிறது. கடவுள் பாவஞ் செய்ய இயலாதவர்; மனிதரான இறைமகனும் அவ்வாறே. விண்ணகத்தில் இறைவனை முகமுகமாய்த் தரிசிக்கும் புனிதர்களும் இனிப் பாவத்திற்குத் திரும்ப முடியாதவர்கள். தேவதாய் எந்தப் பாவமும் இன்றி வாழ்ந்தது இறையருளின் தனிச்சலுகையால். இப்பட்டியலில் பாப்பரசர் இல்லை, ஆயர் இல்லை, பங்குக்குரு இல்லை. இம்மண்ணில் நடமாடும் ஒருவரும் இல்லை.

புனித இராயப்பர் ஆண்டவரை மும்முறை மறுதலித்ததை நான்கு நற்செய்திகளும் ஒளிக்காமல் எழுதிவைத்துள்ளன. பேதுரு என்று இப்போது நாம் அழைக்கும் அதே இராயப்பர், தூய ஆவியைப் பெற்ற பின்னரும், அந்தியோக்கியாவில் புற இனத்தாரோடு உண்பதிலிருந்து யூதருக்கு அஞ்சிப் பின்வாங்கினார். புனித சின்னப்பர் அவரை நேருக்கு நேர் கண்டித்தார். அதனைக் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் தாமே பதிவும் செய்தார். இராயப்பரின் போதனை அங்குப் பிழைபடவில்லை; நடத்தைதான் போதனைக்கு ஒவ்வாமற் போயிற்று. இங்கிலாந்தில் 1874-இல் கிளாட்ஸ்டன் வழுவா வரத்தைத் தாக்கி எழுதியபோது, 1875-இல் அதற்கு மறுமொழி தந்த நியூமன் அவர்கள் இந்த அந்தியோக்கிய நிகழ்ச்சியையும் எடுத்துக்காட்டினார். பாப்பரசர் எப்போதும் எதிலும் தவறாதவர் என்று கத்தோலிக்கர் நம்புவதாக எண்ணுவது, இல்லாத கொள்கையோடு போரிடுவதாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த நியூமனை 2019-இல் திருச்சபை புனிதர் நிலைக்கு உயர்த்தியது.

இத்தாலியக் கவி தாந்தே தம் காவியத்தில் பாப்பரசர் சிலரை நரகத்தில் தலைகீழாக நட்டு வைத்தார். அவர் கத்தோலிக்கராகவே வாழ்ந்து கத்தோலிக்கராகவே மரித்தார். அவர் இறந்து 600 ஆண்டுகள் நிறைந்த 1921-இல், பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அவரைப் புகழ்ந்து ஒரு சுற்றுமடலே எழுதினார். பாப்பரசரின் பாவத்தைச் சுட்டுவது விசுவாசத்தை மறுப்பதாகாது என்பதைத் திருச்சபை அறிந்தேயிருக்கிறது.

2014 மார்ச் 28-ஆம் நாள், புனித இராயப்பர் பேராலயத்தில், பாப்பரசர் பிரான்சிஸ் பிறருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கச் செல்லுமுன், எல்லாரும் காண ஒரு சாதாரண குருவின்முன் முழந்தாட்படியிட்டுத் தம் பாவங்களை அறிக்கையிட்டார். வழுவா வரம் உள்ள பதவியில் இருப்பவர், பாவியென்று மண்டியிடுகிறார். இரண்டு சொற்களும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

குழப்பத்தால் விளையும் கேடுகள்

இவ்விரு சொற்களைக் குழப்புவதால் இரண்டு எதிரெதிரான கேடுகள் விளைகின்றன.

முதலாவது, அருட்பணியாளர்களைத் தெய்வங்களாக்கி விடுதல். “சாமியார் அப்படிச் செய்வாரா? சாமியாரைப்பற்றிப் பேசினால் பாவம்” என்று, அழுதுகொண்டு வந்த பிள்ளையின் வாயை அடைத்த பெற்றோர் உலகின் பல நாடுகளிலும் இருந்தனர் என்பது இன்று மறைக்க முடியாத உண்மை. பேசியிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய பிள்ளைகளின் வாழ்வு அந்த மௌனத்தில் கருகியது. அம்மௌனத்திற்குப் பக்தி என்று பெயரிட்டார்கள். அது பக்தி அன்று. இறைவனுக்கு மட்டுமே உரிய பண்பை மனிதனுக்குச் சூட்டிய பிழை.

2018 ஜனவரியில் சிலி நாட்டிற்குச் சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், ஆயர் ஒருவர்மீது பாதிக்கப்பட்டோர் கூறிய குற்றச்சாட்டை அவதூறு என்று ஒதுக்கிப் பேசினார். பின்னர் விசாரணை நடத்தச் செய்து, அதே ஆண்டு ஏப்ரலில், நிலைமையை மதிப்பிடுவதில் தாம் பெரிதும் தவறிவிட்டதாக அந்நாட்டு ஆயர்களுக்கு எழுதி மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்டோரை உரோமைக்கு அழைத்து நேரில் அவர்கள் சொன்னதைக் கேட்டார். இதில் எந்த விசுவாச சத்தியமும் மாறவில்லை. ஒரு மனிதரின் மதிப்பீடு தவறியது; அம்மனிதர் அதனை ஒப்புக்கொண்டார். இளைஞரின் கேள்விக்கு விடை இதுவே: அவர் படித்ததும் பொய்யன்று, அவர்கள் கேட்ட மன்னிப்பும் நாடகமன்று. அவர் நினைவில் வைத்த சொல்தான் பொருந்தாத சொல்.

2019-இல் அதே பாப்பரசர் வகுத்து, 2023-இல் நிலையாக்கிய சட்டப்படி, இத்தகைய முறையீடுகளைப் பெறுவதற்கு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் ஏற்பாடு இருத்தல் வேண்டும். ஒரு குற்றத்தை அறிந்த குருவும் துறவியும் அதனை உரியவரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். நாட்டின் சட்டப்படி செய்யவேண்டியவற்றுக்கு இது தடையாகாது. பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

இரண்டாவது கேடு, இதற்கு நேர்மாறானது. குரு ஒருவர் விழுந்தார் என்று கேட்டவுடன், “இனிக் கோயிலுக்கு எதற்கு?” என்று பூசையையும் பாவசங்கீர்த்தனத்தையும் விட்டுவிடுதல். இவ்வினா புதியதன்று. நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் தொனாத்துவாதிகள் எழுப்பியதும் இதுவே. வேதகலாபனைக்கு அஞ்சித் திருநூல்களைக் கையளித்த ஆயர்கள் நிறைவேற்றிய அருட்சாதனங்கள் செல்லா என்றனர் அவர்கள். ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்துவே. குருவின் கை கருவி மட்டுமே என்று புனித அகுஸ்தினார் விடை பகர்ந்தார். தங்கக் குழாய் வழியே வந்தாலும் ஈயக் குழாய் வழியே வந்தாலும் நீர் ஊற்றுக்கே உரியது. குழாயில் துரு ஏறியிருந்தால் துப்புரவு செய்யவோ மாற்றவோ வேண்டும். ஊற்றைத் தூர்ப்பது அறிவுடைமையாகாது.

எனினும், காயப்பட்டு விலகிப் போனவர்களிடம் இவ்விளக்கத்தை வாளைப்போல் வீசலாகாது. ‘வழுவா வரம் வேறு, பாவமின்மை வேறு’ என்பது அறிவுக்கு மருந்து. புண்பட்ட நெஞ்சிற்கு முதலில் தேவைப்படுவது செவிமடுக்கும் ஒருவர். அதன் பின்னரே விளக்கம்.

இல்லத்திலும் இதே பாடம்

குடும்பமும் ஒரு குட்டித் திருச்சபை அன்றோ? அங்கும் இவ்விரு சொற்கள் குழம்புகின்றன. பிள்ளைகளுக்கு விசுவாசத்தையும் நல்லொழுக்கத்தையும் கற்பிக்கும் அதிகாரம் பெற்றோருக்கு உண்டு. இறைவன் அளித்த அதிகாரம் அது. ஆனால் கற்பிக்கும் உரிமை இருப்பதால் தாம் குற்றத்திற்கு அப்பாற்பட்டவர் என்று எண்ணும் தந்தையர் எத்தனை பேர்! குடித்துவிட்டு வந்து தாயை அடித்த தந்தை, மறுநாட் காலையில் ஒன்றும் நடவாததுபோல் மகனுக்கு நீதி உரைக்கிறார். “அப்பாவை எதிர்த்துப் பேசாதே” என்பது அவ்வீட்டின் ஒரே சட்டம். மகன் இரண்டில் ஒன்றைக் கற்றுக்கொள்கிறான்: அடிப்பது சரி என்று கற்கிறான்; அல்லது அப்பா சொன்ன நல்லது எல்லாமே பொய் என்று கற்கிறான். முன்னர் நாம் கண்ட இரண்டு கேடுகளும் ஒரே கூரையின்கீழ் விளைவதை இங்கே காண்கிறோம்.

“நேற்று நான் செய்தது தவறு, மகனே, அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்” என்று ஒரு தந்தை சொன்னால் அவர் அதிகாரம் குறையாது. ‘பொய் சொல்லாதே, பிறரைத் துன்புறுத்தாதே’ என்று அவர் கற்பித்தது உண்மைதான் என்பதற்கு அவரே சாட்சியாகிறார். சொன்ன சொல் தமக்கும் பொருந்தும் என்று காட்டுபவரின் சொல்லுக்கே பிள்ளைகளிடம் எடை உண்டு. மன்னிப்போடு திருந்துதலும் சேரவேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப அடித்துத் திரும்பத் திரும்பக் கேட்கும் மன்னிப்பு மன்னிப்பன்று. அத்தகைய வீட்டில் தாயும் பிள்ளைகளும் பொறுத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று திருச்சபை கேட்பதுமில்லை. பிறருடைய உதவியை நாடுவது அவர்களது உரிமை.

எனவே, அன்பார்ந்த வாசகர்களே, இம்மாதம் குடும்பச் செபம் முடிந்தபின் இவ்விரு ஆங்கிலச் சொற்களையும் உங்கள் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள். ஆங்கிலத் தேர்வுக்கும் பயன்படும், விசுவாசத்திற்கும் பயன்படும். பாப்பரசருக்காகவும், ஆயருக்காகவும், உங்கள் பங்குக்குருவுக்காகவும் மன்றாடுங்கள். பாவஞ் செய்ய இயலாதவர்களுக்கு நம் மன்றாட்டு தேவையில்லை. செய்யக்கூடியவர்களுக்குத்தான் தேவை. அதன்பின் வீட்டில் யாரிடமாவது மன்னிப்புக் கேட்கவேண்டியிருந்தால், பொழுது சாயுமுன் அதனையும் கேட்டுவிடுங்கள்.